எலிக்குப் போட்ட இலை

பயப்படாதீங்க அண்ணாச்சி, தாராளமா உக்காருங்க. பைக்குள்ள எலிதான். பொறியோட இருக்கு, கடிக்காது. கடிச்சாலும் அதுக்குன்னு ஒரு காரணம் இருக்கும், நாமதான் அதைப் புரிஞ்சுக்கிடணும். காலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கோங்க. துணிப்பை பாருங்க, வால் வெளிய வந்துரும்.

கோவில்பட்டிக்கா போறிய? ரயிலா? ரயிலுக்கு நேரம் கெடக்கு. நான் கழுகுமலையில இறங்கிருவேன். இதைக் கொண்டு விடத்தான் போறேன். ஒரு எலியை விட எதுக்கு இவ்வளவு தூரம்னு பாக்கியளா? எங்க சங்கரன்கோவில்ல எலி பிடிச்சா அடுத்த தெருவுல கொண்டு விடுவாவ. அடுத்த தெருக்காரன் அதைப் பிடிச்சு நம்ம தெருவுல விடுவான். ஊர் முழுக்க ஒரே எலிதான் சுத்திக்கிட்டுக் கெடக்குன்னு நெனைக்கேன். எனக்கு அது மனசுக்கு ஒப்பலை. கழுகுமலைப் பாறையில வரிசையா சமண சாமிக கண்ணை மூடி உக்காந்திருக்கே, பாத்திருக்கியளா? அதுக முன்னால எவனும் எலியை அடிக்க மாட்டான். கூச்சமா இருக்கும்லா.

கண்டக்டர் இதுக்கு டிக்கெட் கிழிக்க மாட்டேன்னுட்டான். லக்கேஜாவது போடுப்பா, அதுவும் ஒரு ஜீவன், நம்மகூட பஸ்ஸுல வருதுல்லான்னு சொன்னேன். "பெரியவரே, ஒண்ணு சும்மா இரியும், இல்ல இறங்கிரும்"ங்கான். பாவம், அவனுக்கு வீட்டுல என்ன தொந்தரவோ. பழைய ஆளா இருந்தா அவன் சட்டையைப் பிடிச்சிருப்பேன். இப்ப நான் மாறிட்டேன் அண்ணாச்சி. உள்ளுக்குள்ள மாறிட்டேன். சர்டிபிகேட் வச்சிருக்கேன்.

நிசமாத்தான். "உள்மாற்றம் அடைந்தார்"னு அச்சடிச்சு, கீழ என் பேரு, கோமதிநாயகம்னு கையால எழுதிக் குடுத்தாவ. லேமினேட் பண்ணி வீட்டுல மாட்டியிருக்கேன்.

எனக்கு வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணம், சடங்கு, காரியம், எதுக்குன்னாலும் அண்டா, குண்டா, கரண்டி எல்லாம் நம்மகிட்டதான் எடுப்பாவ. மூடி மட்டும் கெடையாது. மூடி கதையை அப்புறம் சொல்லுதேன்.

என்ன ஆச்சுன்னா, டாக்டர்கிட்ட போயிருந்தேன். பிரஷர் ஏறிக் கெடக்கு, கோவத்தைக் குறைங்கன்னாரு. எனக்குக் கோவமே வராதேன்னேன். சிரிச்சாரு. "என்னவே சிரிப்பு?"ன்னு மேசையில ஒரு தட்டு தட்டினேன். அந்த பிரஷர் மிஷின் கீழ விழுந்துட்டு. அதுக்கு நான் பொறுப்பா? ஓரத்துல வச்சது யாரு?

பிரமு, என் வீட்டுக்காரி, டாக்டர்கிட்ட கூட வந்திருந்தா. வீட்டுக்கு வந்த பொறவு சொன்னா. கல்யாண மண்டபத்துல ஏதோ மனசுப் பயிற்சி வகுப்பு நடக்காம், நம்ம அண்டாதான் அங்க சாப்பாட்டுக்குப் போயிருக்கு, அண்டா போன இடத்துக்கு நீங்களும் போயிட்டு வாங்களேன்னா. சரி, அண்டாவைப் பாத்த மாதிரியும் இருக்கும்னு போனேன்.

சொல்லிக் குடுக்குதது ஒரு சின்ன வயசுப் பிள்ளை. எல்லாரும் மேடம்னாவ, நானும் மேடம்னேன். நல்லாப் பேசுனா அண்ணாச்சி. அதைச் செய்யாத, இதைச் செய்யாதன்னு சட்டம் போட்டா மனுஷன் நல்லவனாக மாட்டான், போலீஸ் இருக்கானான்னுதான் பாப்பான்னா. அடுத்தவன் பசி நம்ம வயித்துல தெரியணும், அது தெரிஞ்சுட்டா எது சரி எது தப்புன்னு யாரும் தனியா வந்து சொல்ல வேண்டாம், கை தானா நீளும்னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. பக்கத்துல இருந்தவன் குறட்டை விட்டான். கேளுலேன்னு அவன் விலாவுல ஒரு இடி இடிச்சேன்.

கடைசி நாள் எல்லாருக்கும் வீட்டுப்பாடம். உங்களுக்குப் பிடிக்காத ஒருத்தரை எடுத்துக்கோங்க. அவங்க கண்ணால உலகத்தைப் பாருங்க. அவங்களுக்கு என்ன பசி, என்ன பயம்னு கண்டுபிடிங்க. அப்படின்னுட்டு யாரை எடுக்கப் போறியன்னு ஒவ்வொருத்தரா எழுப்பிக் கேட்டா. எனக்கு முன்னால ஒரு அம்மா எந்திரிச்சு, "எங்க மாமியார்"னாவ. மாமியார் பக்கத்துலதான் உக்காந்திருந்தாவ. அவங்க எந்திரிச்சு, "எங்க மருமக"ன்னாவ. ரெண்டு பேருக்கும் நல்ல கைதட்டு. ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவுலதான் போனாவ, ஆளுக்கொரு ஓரமா.

என் முறை வந்துச்சு. எனக்கு அப்படி யாரும் இல்லை மேடம்னேன். யோசிச்சுப் பாருங்கன்னா. நல்லா யோசிச்சேன். டாக்டரை எனக்குப் பிடிக்காமலா இருக்கு? அவன் ஒரு மடையன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுல யாராவதுன்னா. பக்கத்து வீட்டுக்காரன்கூட நான் பேசுறதே இல்லை மேடம், பேசவே பேசாதவனை எப்படிப் பிடிக்காமப் போகும்னேன். அந்தப் பிள்ளை நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டு அடுத்த ஆளுகிட்ட போயிட்டா. பாயிண்டு சரியா இருந்தா யாரா இருந்தாலும் ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

பக்கத்து வீட்டுக்காரன்னு சொன்னேன்லா, அவன் பேரு சிவசைலம். என் கூடப் பிறந்த தம்பி. ஆனா நீங்க பக்கத்து வீட்டுக்காரன்னே வச்சுக்கோங்க.

சண்டை எல்லாம் ஒண்ணுமில்லை. என் மக ஆவுடை கல்யாணத்துல பந்தி நடக்கு. சம்பந்திக்குப் பக்கத்து இலையில இவனை உக்கார வச்சிருக்கேன், சித்தப்பன்லா. இவன் பாயசத்தை ஒரு வாய் வச்சுட்டு, "என்ன, தண்ணியா இருக்கு"ன்னான். சம்பந்தி காதுல விழுத மாதிரி. தண்ணியாத்தான் இருந்துச்சு, நான் இல்லைங்கலை. அதை அவன் சொல்லலாமா? நான் போயி, "பிடிக்கலைன்னா எந்திரிலே"ன்னேன். அவன் இலையை மடிச்சான் பாருங்க, எதிர்ப்பக்கமா மடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

உங்க பக்கம் எப்படியோ தெரியாது. எங்க பக்கம் சாப்பிட்டு முடிச்சா இலையைத் தன் பக்கமா மடிக்கணும். வயிறு நிறைஞ்சுட்டு, உறவு இருக்கட்டும், இன்னொரு நாளும் இந்த வீட்டுல கை நனைப்பேன்னு அர்த்தம். எதிர்ப்பக்கமா மடிச்சா அது துட்டி வீட்டு இலை, சாவு வீட்டுல மடிக்குதது. இன்னொரு தரம் இப்படி ஒரு சாப்பாடு வேண்டாம்னு அர்த்தம். கல்யாண வீட்டுல, மணவறையில பிள்ளை உக்காந்திருக்கும்போது, சொந்த சித்தப்பன் துட்டி வீட்டு இலை மாதிரி மடிச்சுட்டுப் போறான். சபை முழுக்கப் பாத்துது. அந்த இலை இன்னைக்கும் என் கண்ணுக்குள்ள கெடக்கு.

அப்புறம் என்ன, பாகம்தான். பெரியவங்க நாலு பேரு வந்து சரிபாதியாப் பிரிச்சுக் குடுத்தாவ. நடு ஹாலை எங்க பக்கம் பட்டாசல்னு சொல்லுவோம், அதுக்கு மத்தியில சுவர் எழும்புச்சு. எங்க அப்பா காலத்து ஊஞ்சல் ஒண்ணு உண்டு. கொக்கி என் பாதியில இருக்கு, அதனால சங்கிலி எனக்கு. நியாயம்னா ரெண்டு பேருக்கும் வேணும்லா, அதனால பலகை அவனுக்கு. கடையிலயும் அதே நியாயம்தான். அண்டா எல்லாம் எனக்கு, மூடி எல்லாம் அவனுக்கு. கல்யாண வீட்டுக்காரங்க அங்கன ஏறி இங்கன இறங்குவாவ. என்ன அண்ணாச்சி சிரிக்கிய? பெரியவங்க எல்லாரும் ரெண்டு பேரு வீட்டுலயும் காபி குடிச்சுட்டு, நல்லபடியா முடிஞ்சுதுன்னு சந்தோஷமாப் போனாவ. சங்கிலி இன்னும் தொங்குது. பிரமு அதுல துண்டு காயப் போடுவா. சர்டிபிகேட்டை அதுக்குப் பக்கத்துலதான் மாட்டியிருக்கேன்.

போன வருஷம் அவன் வீட்டுக்காரி தவறிட்டா. போனேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. மாலை போட்டேன், தீட்டுக் காத்தேன், எல்லாம் செஞ்சேன். பேச மட்டும் இல்லை. அவன் என்னைப் பாத்தான். நான் மேல பாத்தேன். ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவன் மகன் துபாயில இருந்து வந்துட்டுக் காரியம் முடிஞ்சதும் போயிட்டான். நான் மூத்தவன் அண்ணாச்சி. மூத்தவன் முதல்ல பேசிட்டா அப்புறம் மூத்தவன்னு எதுக்கு ஒருத்தன்?

அது கெடக்கட்டும் விடுங்க, எலிக்கு வாரேன்.

யாரை எடுக்கன்னு தெரியாம வீட்டுக்கு வந்து உக்காந்திருக்கேன். பிரமு உள்ள இருந்து, "இந்தச் சனியன் பிடிச்ச எலி மறுபடியும் அரிசி டிரம்மைக் கடிச்சிருக்கு"ன்னு கத்துனா. எனக்குப் பளிச்சுன்னுட்டு. பிடிக்காதது இதோ இருக்கே! மனுஷனாத்தான் இருக்கணும்னு மேடம் சொல்லலையே.

அந்த எலி எங்க இருந்து வருதுன்னா, பட்டாசலுக்கு மத்தியில சுவர் வச்சப்ப, வீடு கழுவுத தண்ணி போக அடியில ஒரு மடை விட்டாவ. கை நுழையுத அளவு ஓட்டை. அது வழியா வரும், போகும். அதுக்குப் பாகப்பிரிவினை கெடையாது. பிரமு முன்னாடியே கோயில் புத்துமண்ணை எடுத்தாந்து மூலைக்கு மூலை போட்டுப் பாத்தா. பூச்சிபொட்டுக்குத்தான் அது கேக்கும், எலி கேக்கலை. அப்புறம் பொறி வச்சா. மாட்டுச்சு. நான் பொறியைத் திறந்து விட்டுட்டு, கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிரமு தலையில அடிச்சுக்கிட்டா.

எலி கண்ணால உலகத்தைப் பாக்கணும்னா எலி உசரத்துக்கு வரணும்லா? அரிசி டிரம்முக்குப் பக்கத்துல குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில வச்சு, அந்த மடைக்கு நேரா கண்ணை வச்சேன். காபி கொண்டுவந்த பிரமு, டம்ளரைப் போட்டுட்டு, "ஐயோ, போயிட்டாரே!"ன்னு ஒரு சத்தம். தெருவே வந்துட்டு. "சும்மா இருட்டி, பாடம் படிக்கேன்"னு சொன்னேன். தெருக்காரங்க கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுத்தான் போனாவ. இப்பக்கூட என்னைக் கண்டா கொஞ்சம் ஒதுங்கிப் போறாவ. மாறுன மனுஷனைக் கண்டா ஜனங்களுக்கு ஒரு மரியாதை.

ஓட்டை வழியாப் பாத்தா என்ன தெரியும்? எலிதான் தெரியணும். ஆனா குறுக்க ரெண்டு காலு. ஊஞ்சல் பலகையைச் செங்கல் மேல வச்சு அதுல உக்காந்திருக்கான். பிளாஸ்டிக் கவர்ல இருந்து பன்னைப் பிச்சு, தண்ணியில முக்கித் திங்கான். காலையிலயும் பன்னு. மத்தியானம் பாத்தேன், பன்னு. நான் எலியைத்தான் தேடுனேன் அண்ணாச்சி, காலு குறுக்க இருந்ததால பாக்க வேண்டியதாப் போச்சு. ரெண்டு காலும் வீங்கியிருந்துச்சு. செருப்புக்குள்ள நுழையாது போல, வெறுங்காலு. அதெல்லாம் எனக்கு எதுக்கு? எலி அந்தப் பன்னுத் துணுக்கைத்தான் பொறுக்கித் திங்குன்னு கண்டுபிடிச்சேன். அதானே பாடம்? என்ன பசின்னு கண்டுபிடிக்கணும்.

ரெண்டு நாள் கழிச்சு, எலி ஒரு மாத்திரை அட்டையை இழுத்துக்கிட்டு நம்ம பக்கம் வந்துச்சு. எடுத்துப் பாத்தேன். சுகர் மாத்திரை. பிரமுவோட அண்ணன் போடுத அதே மாத்திரை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. சுகர் உள்ளது பன்னு திங்கலாமா? மைதாவுல்லா! நேரா அடுப்பங்கரைக்குப் போயி, "பிரமு, எலிக்குச் சுகரு. நாளையில இருந்து அதுக்குக் கேப்பைத் தோசை சுடு"ன்னேன்.

பிரமு என்னையப் பாத்தா. கையில இருந்த அட்டையைப் பாத்தா. மடைப் பக்கம் பாத்தா. கோட்டி பிடிச்சிருக்கான்னு கேப்பான்னு நெனைச்சேன். "எத்தனை தோசை சுடட்டும் எலிக்கு?"ன்னு கேட்டா. "மூணு சுடு, சட்னியில உப்புக் குறைச்சுப் போடு"ன்னேன். சரின்னுட்டா. நல்ல பொம்பளை, ஆனா கொஞ்சம் வெகுளி. எலி எங்கயாவது மூணு தோசை திங்குமா? அதுகூட அவளுக்குத் தோணலை பாருங்க.

தோசையை ஒரு இலைத்துண்டுல வச்சு, கையை உள்ள விட்டு அந்தப் பக்கத் தரையில வச்சேன். நம்ம வீட்டுல வச்சா எலிக்குக் கூச்சமா இருக்கும். அது இருக்குத இடத்துல வைக்குததுதானே மரியாதை? வச்சுட்டு, மேடம் சொன்ன மாதிரி அன்பா ரெண்டு வார்த்தை பேசுனேன். "சூடா இருக்கு, பையச் சாப்பிடு"ன்னேன். அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டுச்சு. எலி செருமாதுன்னு எனக்கும் தெரியும். நான் அதைக் காதுல வாங்கலை.

கொஞ்ச நேரம் கழிச்சுக் குனிஞ்சு பாத்தேன். அண்ணாச்சி, என்னத்தைச் சொல்ல! சுத்தமாச் சாப்பிட்டிருக்கு. இலை மடிச்சுக் கெடக்கு. அதுவும் எப்படி? தன் பக்கமா மடிச்சுக் கெடக்கு!

எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. "பிரமு, இங்க வா, எலி இலையைத் தன் பக்கமா மடிச்சிருக்கு"ன்னு கூப்பிட்டேன். வந்து, முட்டி போட்டுக் குனிஞ்சு பாத்தா. ரொம்ப நேரம் எந்திரிக்கலை. அப்புறம் முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "ஆமா, எலிதான் மடிச்சிருக்கு"ன்னா. வெங்காயம் உரிச்சிருப்பா போல. அன்னைக்கு வெங்காயம் எதுவும் வாங்கலை, ஆனாலும் பழசு கெடந்திருக்கும்.

ஒரு எலிக்கு இருக்குத பண்பு சில மனுஷனுக்கு இல்லையேன்னு அன்னைக்கு எனக்கு மனசு ஆறலை. அந்தக் கல்யாணத்துல அவன் மட்டும் இப்படி மடிச்சிருந்தா, இந்த மடைக்கே வேலை இல்லையே.

அதுல இருந்து தெனமும் நடந்துச்சு. காலையில தோசை, மத்தியானம் சோறு குறைச்சலா, காய் கூடுதலா. ரசம் ஒரு டம்ளர்ல வச்சா, டம்ளரைக் கழுவிக் கவுத்தி வச்சிருக்கும் அந்த எலி. நம்ம வீட்டுல யாரும் டம்ளரைக் கழுவுதது கெடையாது, பிரமுவைத் தவிர. ஒரு நாள் ரசம் கொஞ்சம் தண்ணியாப் போயிட்டு. எனக்கு பயம், என்ன சொல்லுமோன்னு. ஒண்ணும் சொல்லலை. குடிச்சுட்டு இலையை ஒழுங்கா மடிச்சு வச்சிருந்துச்சு. மனசு மாறுனா அது எலியைக்கூட மாத்திரும் அண்ணாச்சி, அதுதான் நான் கண்ட உண்மை.

பிரமுதான் ஒரு நாள் கேட்டா. "இலைதான் ஒழுங்கா மடிஞ்சுட்டே, இனிமே வாசல் வழியாவே போயி ஒரு இலை போட்டுட்டு வந்தா என்ன?"ன்னா.

"எலிக்கு எதுக்குட்டி வாசல்?"ன்னேன்.

"எலிக்கு வேண்டாம்"னுட்டு உள்ள போயிட்டா. பொம்பளைங்க பேச்சு சில நேரம் ஒண்ணும் விளங்காது.

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. முந்தா நாள் ஆவுடை சென்னையில இருந்து கைக்குழந்தையோட வந்தா. பேத்தியைத் தரையில விரிப்புப் போட்டுப் படுக்க வச்சிருக்கா. இந்த எலி, ஒரு மட்டு மரியாதை இல்லாம, குழந்தை காலடியில வந்து நின்னு பாத்திருக்கு. அவ்வளவுதான். "அப்பா, ஒண்ணு எலி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்"னுட்டா. பஸ் ஸ்டாண்டு கடையில மசால்வடை வாங்கியாந்து அவளே பொறி வச்சா. இன்னைக்குக் காலையில மாட்டிட்டு. நான் வாயைத் தொறக்குததுக்குள்ள கொத்தனாருக்கும் போன் போட்டுட்டா, வந்து அந்த மடையைச் சிமெண்டு வச்சு அடைங்கன்னு. நீங்க இதைக் கொண்டுபோயி தூரமா விட்டுட்டு வாங்கப்பா, நீங்க வாரதுக்குள்ள வேலை முடிஞ்சிரும்னு என்னையத் தெருவுல தள்ளி விட்டுட்டா.

அதான் வந்துட்டேன். ஆனா பஸ் ஏறுனதுல இருந்து எனக்கு ஒரே பசி. காலையில காபி குடிக்கலை, அதுவா இருக்கும். இல்லைன்னா... எலி பொறியில கெடக்கும்போது யாருக்குத் தோசைன்னு இன்னைக்கு இலை போடவே இல்லை. ஆவுடை தோசைக்கல்லை எடுத்துக் கழுவி வச்சுட்டா. பிரமு என்னையே பாத்தா, நான் பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

இப்ப ஒரு சந்தேகம் கேக்கேன், சொல்லுங்க. மடையை அடைச்சுட்டா, எலியும் கழுகுமலையில இருந்தா, அந்தத் தோசையை எந்த வழியாக் குடுக்குதது? அதுக்கு யாரு குடுப்பா? அது தானாப் போயிக் கேக்காது அண்ணாச்சி. ரோஷம். சின்னதுல இருந்தே அப்படித்தான். பசிச்சாக் கேக்காது, மூலையில போயி உக்காந்துக்கிடும். அம்மா தேடிப் பிடிச்சு ஊட்டி விட்டாத்தான் உண்டு. இல்லைன்னா நான் ஊட்டணும்.

எலியோட அம்மாவைச் சொல்லுதேன்.

அந்தா, மலை தெரிய ஆரம்பிச்சுட்டு. நீங்க நல்ல மனுஷன், நடுவுல ஒரு வார்த்தை பேசலை. எல்லாரும் இப்படிக் கேட்டா நாடு நல்லாயிரும்.

இருங்க, போன் அடிக்கு. பிரமுதான். இது சத்தமாப் பேசுனாத்தான் கேக்கும், தப்பா நெனைக்காதீங்க.

ஹலோ! சொல்லுட்டி. இல்லை, இன்னும் விடலை. கழுகுமலை வரப் போகுது. கொத்தனார் வந்துட்டாரா? சரி. கலவை போட்டாச்சா? சரி. அப்புறம் என்ன, பூச வேண்டியதுதானே.

என்னது?

கையா? யாரு கை?

மடைக்குள்ள இருந்தா? நல்லாப் பாத்தியா? கொத்தனார் கரண்டியோட குனிஞ்சப்பவா? எடுக்க மாட்டேங்கானா? ஏன், வாயால ஒண்ணும் சொல்லலையா? ம். சொல்ல மாட்டான். அவன் எப்படிச் சொல்லுவான்.

அண்ணாச்சி, மடை வழியாக் கையை நீட்டிக்கிட்டு எடுக்க மாட்டேங்கானாம். உள்ளங்கை மேல பாத்த மாதிரி அப்படியே இருக்காம். கொத்தனார், கலவை இறுகுது, பூசவா வேண்டாமா, கையோட சேத்துப் பூசவான்னு கேக்காராம்.

ஹலோ! கை எப்படிட்டி இருக்கு? மெலிஞ்சா? எவ்வளவு மெலிஞ்சு? யாரு, பாப்பாவா? பாப்பா அந்த விரலைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்காளா? ஆவுடை என்ன செய்யா? என்ன, அழுதாளா? சித்தப்பாங்காளா? நல்லா அழட்டும், யாரைக் கேட்டுக் கல்லைக் கழுவி வச்சா அவ!

இங்க பாரு, அந்தக் கலவையை அள்ளித் தெருவுல கொட்டச் சொல்லு. கொட்டச் சொல்லுட்டி! நீ கல்லைப் போடு. கேப்பை மாவு இருக்கா? இருக்குல்லா, சுடு. மடையில வைக்காத. வாசல் வழியாக் கொண்டு போ. இல்லை, நீ போகாத. நான் வாரேன். நான் வந்து கொண்டு போறேன். அது வரைக்கும் கையை எடுக்கச் சொல்லாத. போனை அந்தக் கைக்கிட்ட, மடைக்கிட்ட வையி. வச்சியா?

ஏலே சைலம்! நான்தாம்லே. சாப்பிட்டியாலே?

...

செருமுதான் அண்ணாச்சி.

கண்டக்டர்! ஆள் இறங்கணும்! நிறுத்துப்பா! சிரிக்காத, நிறுத்து!

அந்தா எதிர்ல நிக்கு பாருங்க சங்கரன்கோவில் பஸ், கிளம்பப் போறான். மலை வரைக்கும் நடந்து போயிட்டு வர எனக்கு நேரமில்லை. இந்தப் பையைப் பிடிங்க. பிடிங்கங்கேன், மறுக்காதீங்க, உங்க முகத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுது, நீங்க இரக்கமுள்ள ஆளு. கோவில்பட்டியில நல்ல ஜனங்க இருக்குத இடமாப் பாத்து விட்டுருங்க. பொறியை நீங்களே வச்சுக்கோங்க, இனிமே எங்களுக்கு வேண்டாம். வழியில பசிச்சா ஒரு மசால்வடை வாங்கிப் போடுங்க.

எது வேணாலும் குடுக்கலாம் அண்ணாச்சி, இனிப்புக்கூடக் குடுக்கலாம். அதுக்குச் சுகர் எல்லாம் ஒண்ணும் கெடையாது.